திறக்காத மூடியும் அத்தையின் மாத்திரையும்

"பாட்டில் மூடியைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது?" என்று இவர் கேட்டார். இவர் கேட்பார். இவர் கைபட்டால் எந்த மூடியும் திறந்துவிடுகிறதே!

போன வருஷம் மே மாதம் கேளம்பாக்கம் கடைத்தெருவில் கிளிமூக்கு மாங்காய் மலிவாகக் கிடைத்தது. ஆசையாக நாலு கிலோ வாங்கித் தொக்கு போட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு கண்ணாடி பாட்டில்களில் நிரப்பி, காற்றுப் புகக் கூடாது என்று மூச்சைப் பிடித்துத் திருகி மூடி வைத்தேன். பத்து நாள் கழித்து ஒரு பாட்டிலை எடுத்தால், ஊஹூம், அசையவில்லை. துண்டைச் சுற்றித் திருகினேன். கால்களுக்கு நடுவே பாட்டிலை இடுக்கிக்கொண்டு திருகினேன். கை சிவந்ததுதான் மிச்சம். சாயந்திரம் இவர் வந்தார், சட்டைக்கையைக்கூட மடிக்கவில்லை, 'டக்'கென்று திறந்து மேஜைமேல் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்! "நான் ஏற்கெனவே தளர்த்தி வைத்திருந்தேன்" என்றேன். நம்மில் யார்தான் அப்படிச் சொன்னதில்லை?

பெண்களின் கைப்பிடி பலம் சராசரியாக ஆண்களுடையதில் பத்தில் ஆறு பங்கு அளவுதான் என்று சொல்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தொக்கு பாட்டில் விஷயத்தில் கோளாறு என் கையில் மட்டும் இல்லை, நான் மூடிய விதத்திலும் இருந்தது. சூடான பண்டத்தை அடைத்து மூடினால் ஆறும்போது உள்ளே இருக்கிற காற்றும் ஆவியும் சுருங்கிவிடும். வெளிக்காற்று மூடியை மேலிருந்து அழுத்தும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். ஏழு சென்டிமீட்டர் அகல மூடி என்றால் அதன் பரப்பு 38 சதுர சென்டிமீட்டர். உள்ளே அழுத்தம் பாதியாகக் குறைந்திருந்தால்கூட 19 கிலோ! நிறைகுடம் ஒன்றை மூடிமேல் ஏற்றி வைத்துவிட்டுத் திருகிப் பார்க்கிற கதைதான் என் கதை.

அதற்கு பலம் வேண்டாம், ஒரு ஸ்பூன் போதும். ஸ்பூனின் நுனியை மூடியின் விளிம்புக்கும் பாட்டிலுக்கும் நடுவே கொடுத்து மெதுவாக நெம்புங்கள். 'டொக்' என்று சத்தம் கேட்கும். அது காற்று உள்ளே போகிற சத்தம். அப்புறம் குழந்தை திருகினாலும் திறக்கும். கடை ஜாம் பாட்டில் மூடியின் நடுவில் சிறிய குழி இருக்கிறதே, அதுவும் இதே சங்கதிதான். திறந்ததும் மேலே எழும்பும். வாங்கும்போதே எழும்பி இருந்தால் அந்த பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சர்க்கரைப் பாகோ தேனோ மரையில் காய்ந்து ஒட்டிக்கொண்ட மூடி வேறு ஜாதி. அதற்கு வெந்நீர். பாட்டிலைக் கவிழ்த்து, மூடி மட்டும் நனைகிற மாதிரி இரண்டு நிமிஷம் வைத்தால் பாகும் கரையும், தகர மூடியும் கண்ணாடியைவிடக் கொஞ்சம் அதிகமாக விரிந்து கொடுக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு இதைச் செய்யாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். கை வழுக்குவதுதான் கஷ்டமென்றால், பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் ஒரு சாண் கேட்டு வாங்கிக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். மூடியைச் சுற்றிப் பிடித்தால் உடும்புப் பிடிதான். கத்தி முனையால் மட்டும் நெம்பவே கூடாது. வழுக்கினால் அது போய் நிற்கிற இடம் மற்றக் கையின் உள்ளங்கை. பற்களும் இந்த வேலைக்குப் படைக்கப்பட்டவை அல்ல. சாஸ் பாக்கெட்டில் 'இங்கே கிழிக்கவும்' என்று போட்டிருப்பார்கள், அங்கே மட்டும் கிழியாது, நாமும் வாயில் வைத்துக் கடித்து இழுப்போம்! சமையலறை ஆணியில் சின்னக் கத்தரிக்கோல் ஒன்றைத் தொங்கவிட்டபிறகு எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் போயிற்று.

எங்கள் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு. கோவளத்துக் கடல் இங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர். வழியெல்லாம் உப்பளப் பூமி. சாயந்திரம் வீசுகிற காற்று உடம்புக்கு சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் தகர மூடி மூன்று மாதத்தில் துருப்பிடித்துக் கழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மூடுவதற்கு முன் கழுத்தையும் மரையையும் ஈரமில்லாமல் துடைத்துவிட்டால் ஓரளவு தாங்கும். துரு ஏறிவிட்டால், விளிம்பைச் சுற்றி ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். அதன் பிறகு அந்த மூடியை வைத்துக் காப்பாற்றாமல் குப்பையில் போட்டுவிடுங்கள்.

பலவந்தமாகத் திறக்கவே கூடாத மூடியும் ஒன்று உண்டு, அது குக்கர் மூடி. அடுப்பை அணைத்தவுடன் திறக்கவில்லை என்றால் அது நம்மைக் காப்பாற்றுகிறது என்று அர்த்தம். ஆறிப்போன பிறகும் திறக்கவில்லை என்றால் முதலில் வெயிட்டைத் தூக்கிப் பாருங்கள். காற்று உள்ளே போனதும் தானாக விட்டுவிடும்.

தொக்கு பாட்டில் திறக்காவிட்டால் என்ன, அன்றைக்கு மோர்மிளகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிடலாம். எங்கள் அத்தையின் பாட்டில் அப்படிப்பட்டதல்ல.

அத்தை, அதாவது என் மாமியார், பொங்கல் கழிந்து மதுராந்தகம் பக்கத்திலிருந்து எங்களோடு இருக்க வந்தார். ஏழு வருஷமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர். விடியற்காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும், போட்டு அரை மணிக்கும் மேல் ஆன பிறகுதான் காபி. ஊரில் வாங்குகிற மாத்திரைக்குச் சாதாரண மூடி. இங்கே நான் வாங்கிக் கொடுத்தது வேறு பாட்டில். நூறு மாத்திரை, வெள்ளை மூடி, அழுத்திக்கொண்டே திருகினால்தான் திறக்கும். நான் கடையிலேயே திறந்து பார்த்து, அப்படியே அவர் கையில் கொடுத்தேன். அழுத்த வேண்டும் என்று சொல்ல வேண்டுமென்றே எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு மாதத்தில் அத்தை ஒரு மாதிரி ஆகிவிட்டார். பகலெல்லாம் தூக்கம். முகம் உப்பினாற்போல் இருந்தது. மலச்சிக்கல். நல்ல வெயிலில்கூட "குளிருதும்மா" என்று போர்த்திக்கொண்டார். வயசு, புது ஊர், பேச ஆள் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரத்தப் பரிசோதனை செய்தால் டி.எஸ்.எச். 14-க்கு மேல்! "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "போடறேன் டாக்டர்" என்றார் அத்தை. 50 மைக்ரோகிராம் மாத்திரையை 75 ஆக்கி எழுதிக் கொடுத்தார் டாக்டர்.

புது பாட்டிலை வாங்கி வந்து, பழையதைத் தூக்கிப் போடலாம் என்று எடுத்தேன். கை கனத்தது. குலுக்கினேன். நிறைந்த பாட்டிலின் சத்தம். கொட்டி எண்ணினால் 94. இரண்டு மாதத்தில் ஆறே ஆறு மாத்திரை!

"என்ன அத்தை இது?"

"அது கெட்டுப்போன மூடிம்மா. கடகடன்னு சுத்துது, தெறக்க மாட்டேங்குது."

"சொல்லக் கூடாதா?"

"நான் எழுந்துக்கறது அஞ்சு மணி. நீங்க படுக்கறதே பதினோரு மணி. தூங்கற புள்ளைங்கள எழுப்பி மூடி தெறக்கச் சொல்லவா?"

"விடிஞ்சப்புறம் கேட்டிருக்கலாமே?"

"அதுக்குள்ள காபி குடிச்சிடுவனே. காபி குடிச்சா போடக் கூடாதில்ல?"

"டாக்டர்கிட்ட போடறேன்னு சொன்னீங்களே அத்தை!"

அத்தை என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அத்தனை பேர் எதிர்ல, மூடி தெறக்கத் தெரியலன்னா சொல்றது?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மூடியை எடுத்துப் பார்த்தேன். அழுத்தித் திருகச் சொல்லி அதிலேயே எழுதித்தான் இருக்கிறது. வெள்ளைமேல் வெள்ளையாக, மேடாக, ஆங்கிலத்தில். எழுபது வயதுக் கண்ணுக்கு அது என்ன தெரியும்? அந்த ஆறு மாத்திரையும் யார் யாரோ திறந்து கொடுத்த நாட்கள். இவர் விடியற்காலை டூட்டிக்குப் போன நாலு நாள், பால் போடுகிற பையன் ஒருநாள், மிச்சம் ஒருநாள் யார் என்று அத்தைக்கே ஞாபகம் இல்லை.

மறுபடி டாக்டரிடம் ஓடினோம். விஷயத்தைக் கேட்டதும் 75-ஐ அடித்துவிட்டு, "பழைய 50-ஐயே தினமும் போடட்டும், ஆறு வாரம் கழித்து ரத்தம் பார்க்கலாம்" என்றார். தேவைக்கு மேல் போனால் நெஞ்சு படபடப்பு வரும், வயதானவர்களுக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகலாம் என்றும் சொன்னார். சாப்பிடாத மாத்திரைக்காக ஓர் அதிக மாத்திரை! நல்ல வேளை என்று வீடு வந்தோம்.

வந்ததும் நான் செய்த காரியத்தை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. அத்தைக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று மூடியைத் திருகாமல் சும்மா மேலே வைத்துவிட்டேன். பாட்டில் அத்தையின் கட்டிலோரம் முக்காலியில். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது என்பது அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டவில்லை.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம். அத்தை கண்ணயர்ந்திருந்தார், நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் சின்னவள் பாயில் உட்கார்ந்து மாத்திரைகளைக் கூட்டாஞ்சோறு மாதிரி பரப்பி வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறாள். வாயில் விரலை விட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. விழுங்கினாளா? யாரைக் கேட்பது? "மம்மம்" என்கிறாள்.

94-இல் பன்னிரண்டு நாள் போனால் 82. ஒவ்வொன்றாகப் பொறுக்கி எண்ணினேன். 81. மறுபடி எண்ணினேன். 81. இவருக்கு போன் செய்தேன். டாக்டருக்கும் செய்தேன். "தேடுங்கள், கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் குழந்தையைத் தூக்கி வந்துவிடுங்கள், பாட்டிலையும் கொண்டு வாருங்கள். நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள்" என்றார். பக்கத்து வீட்டம்மா ஆட்டோ கூப்பிட்டுவிட்டார். நானும் அத்தையும் தரையில் தவழ்கிறோம். கட்டிலடி, முக்காலிக் கால், கதவிடுக்கு, எங்கும் இல்லை. ஆட்டோ வாசலில் வந்து நின்று ஹாரன் அடிக்கிறது. குழந்தையைத் தூக்கப் போனபோது அத்தை கோரைப்பாயின் ஓரத்தைப் பிரித்து உதறினார். மடித்துத் தைத்த பார்டர் துணிக்குள்ளிருந்து அந்த ஒன்று உருண்டு விழுந்தது.

அத்தை அதைக் கையில் எடுத்துக்கொண்டு அழுதுவிட்டார். நானும்தான். ஆட்டோக்காரருக்கு வாடகை கொடுக்கப் போனேன், விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பாதிதான் வாங்கிக்கொண்டார்.

அழுத்தித் திருகும் இந்த மூடி நம்மைப் படுத்துவதற்காக வந்ததல்ல. கனடாவில் வின்ட்சர் என்ற ஊரில் ஹென்றி பிரோ என்ற குழந்தை மருத்துவர், மாத்திரைகளை மிட்டாய் என்று விழுங்கிவிட்டு வருகிற குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்து, 1967-இல் இப்படி ஒரு மூடியைக் கொண்டுவந்தார். அமெரிக்காவில் 1970-இல் இதற்கென்று சட்டமே வந்தது. குழந்தைகளின் கையில் கொடுத்து, திறக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே மூடியை ஒப்புக்கொள்வார்கள். இத்தனை செய்தும் ஒரு சிக்கல். வயதானவர்களால் திறக்க முடியாமல், மூடியைத் திறந்தபடியே வைத்துவிடுவது, வேறு டப்பாவில் கொட்டிக்கொள்வது என்று ஆரம்பித்துவிட்டார்கள். பேரப்பிள்ளை வீட்டுக்கு வந்தால் கேட்க வேண்டுமா? ஆகவே 1995-இல் விதியை மாற்றி, 50 முதல் 70 வயது வரை உள்ளவர்களாலும் திறக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். நான் ஏதோ பெரிய யோசனை என்று நினைத்து மூடியைச் சும்மா வைத்தேனே, அந்தத் தப்பை எனக்கு முன்பே எத்தனையோ வீடுகளில் செய்து பார்த்திருக்கிறார்கள்! இன்னொன்று, இந்த மூடி குழந்தையைத் தாமதப்படுத்துமே தவிர, திறக்கவே விடாது என்று நம்பிவிடக் கூடாது. கை எட்டாத உயரமும் வேண்டும்.

அத்தையின் கையை டாக்டர் பார்த்தார். கட்டைவிரல் அடி மூட்டில் தேய்மானம். ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு இது சகஜமாம், திருகுகிற வேலையில்தான் வலி உயிர் போகுமாம். கேட்டதும் எனக்கு என் நினைப்பு வந்தது. சின்னவள் பிறந்த மூன்றாம் மாதம் என் வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, குழந்தையைத் தூக்கினாலே சுளீர் என்று ஒரு வலி. அப்போது எந்த மூடியையும் திறக்க முடியவில்லை. 'பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் தைலம் தேய்த்துக்கொண்டு பொறுத்தேன். அதற்குப் பெயரே இருக்கிறது. டி குவெர்வெய்ன் என்ற சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் 1895-லேயே எழுதிவைத்த தசைநார் உறை வீக்கம். குழந்தையை அக்குளில் கைகொடுத்து, கட்டைவிரலை விரித்துத் தூக்கித் தூக்கி வருவது. இளம் தாய்மார்களே, இப்படி வலித்தால் உள்ளங்கையைக் குழந்தையின் அடியில் கொடுத்து ஏந்தித் தூக்குங்கள். டாக்டரிடம் காட்டுங்கள். மணிக்கட்டுக்குப் பட்டை போட்டாலே பலருக்குக் குறையும். கொஞ்ச நாள் திருகுகிற வேலை எல்லாம் வீட்டு ஆண்களுக்கு!

அன்று ராத்திரி நான் ஒரு ஏற்பாடு சொன்னேன். தினமும் படுக்கப் போகும்முன் ஒரு மாத்திரையைக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுகிறேன் என்று. அத்தைக்குப் பிடிக்கவில்லை. "நீ ஒருநாள் மறந்தா? ஊருக்குப் போனா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, "எங்க காலத்துல எதையும் திருகறதே இல்லம்மா. ஜாடிக்கு மேல மூடி வைப்போம், வேடு கட்டுவோம். அரிசிப் பானைக்குத் தட்டு. திருகு மூடின்னா ஹார்லிக்ஸ் பாட்டில் ஒண்ணுதான். அதை எப்பிடின்னு சொல்லிக் குடு, நானே செய்யறேன்" என்றார்.

கற்றுக்கொடுக்கப் போய் நான்தான் கற்றுக்கொண்டேன். விரலால் பிடித்து அழுத்தினால் அத்தைக்கு வலிக்கிறது. உள்ளங்கையில் வலியே இல்லை. ஆகவே மேஜைமேல் ஈரத்துணியை விரித்து பாட்டிலை நிறுத்தினோம், அது வழுக்காது. இடது கை பாட்டிலைச் சும்மா அணைத்துக்கொள்ள, வலது உள்ளங்கையின் அடிப்பாகத்தை மூடிமேல் வைத்து, உடம்பின் கனத்தை இறக்கி, முழங்கையை அசைத்துத் திருப்ப வேண்டும். சப்பாத்தி மாவை அழுத்துகிற மாதிரி. மூன்றாம் தடவை திறந்துவிட்டது. அத்தை மூடி, திறந்து, மூடி, திறந்து நாலைந்து தடவை பார்த்தார். இவரைக் கூப்பிட்டும் காட்டினார்.

மாத்திரையை வேறு டப்பாவுக்கு மாற்றலாமா என்று கேட்டதற்கு டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். வெளிச்சமும் ஈரக்காற்றும் இந்த மாத்திரைக்கு ஆகாது, எங்கள் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆக, அதே பாட்டில், அதே மூடி. இடம் மட்டும் சாமி அலமாரியின் மேல்தட்டு. காலையில் விளக்கைத் துடைக்கப் போகிற அத்தைக்கு எட்டும், சின்னவளுக்கு நாற்காலி போட்டாலும் எட்டாது.

ஆறு வாரம் கழித்துப் பார்த்ததில் டி.எஸ்.எச். 5-க்கு இறங்கியிருந்தது. போர்வை பரண்மேல் போய்விட்டது. 82-இல் தொடர்ந்த பாட்டில் தீர்ந்து, போன வாரம் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். அத்தை அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "உன் நகப்பாலீஷை எடுத்துக்கிட்டு வா" என்றார். வெள்ளை மூடிமேல், எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமோ அந்தப் பக்கம், சிவப்பாக ஓர் அம்புக்குறி போட்டுக் காயவைத்திருக்கிறோம்.